செருகாத அட்டை

எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாதவர்கள் போவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. பொது விசாரணை நிலையம் என்று பெயர். தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது, பேருந்தில் விட்ட குடை எந்தப் பணிமனையில் கிடக்கும், அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். கேட்பதற்கு ஐந்து கவுண்டர்கள் இருந்தன. பதில் சொல்ல ஒரே ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் கவுண்டர் பக்கம் இல்லை. நடையைத் தாண்டி, கணக்குப் பிரிவில் இருந்தது. வாங்கியவர்கள் அவர்கள்.

ஆகவே ஒருவர் கேள்வி கேட்டதும் கவுண்டர்காரர் எழுந்து, மேஜைக்கடியில் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு, நடையைத் தாண்டிப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்டின் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். கவுண்டருக்கு வெளியே மக்கள் வரிசை, டைப்பிஸ்டுக்குப் பின்னால் ஊழியர் வரிசை. இரண்டும் ஒரே வேகத்தில் நகர்ந்ததால், மக்களும் நிர்வாகமும் இணைந்து முன்னேறுகிறார்கள் என்று ஆண்டறிக்கை எழுதியது.

டைப்பிஸ்ட் தற்காலிக ஊழியர். பல வருஷங்களாகத் தற்காலிகம். காலையில் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஃபோன் வரும். யாரைச் சேர்த்தார்கள், யாரை எங்கே மாற்றினார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நிரந்தர ஊழியர்கள் அந்த ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற பயம்.

இப்படி நடந்துகொண்டிருந்த இடத்தில், ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்த இயக்குநர் கூட்டம் போட்டார்.

"இனிமே நமக்கு ஒரு கம்ப்யூட்டர் போதாது."

"இன்னொண்ணு வாங்கிடலாம் சார்," என்றார் திட்டப் பிரிவுத் தலைவர்.

"இன்னொண்ணு யார் வேணாலும் வாங்குவான். நாம இருக்கிறதுக்குள்ளயே இன்னொண்ணு வாங்கப் போறோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் அந்த நிலையத்துக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் வெள்ளி நிறப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். முழங்கை நீளம், பச்சை நிறம். மேலெல்லாம் கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் தங்கப் பற்கள் போல வரிசையாகத் தகடுகள்.

"யூனிக்ஸ்னு ஒரு சிஸ்டம் இருக்கு சார். பெரிய பெரிய மெஷின்லதான் ஓடும். இந்த அட்டைல தனியா ஒரு பிராசஸர், தனியா மெமரி எல்லாம் இருக்கு. உங்க கம்ப்யூட்டர் மூடியைத் திறந்து, காலியா இருக்கிற ஸ்லாட்ல இதைச் சொருகிட்டா, அதுலயே யூனிக்ஸ் ஓடும். அஞ்சு கவுண்டருக்கும் அஞ்சு டெர்மினல், அதாவது ஆளுக்கு ஒரு திரை, ஒரு கீபோர்டு. ஒரே நேரத்துல அஞ்சு பேரும் கேட்டுக்கலாம்."

"அப்ப எங்க கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?" என்று கேட்டார் கணக்குப் பிரிவுத் தலைவர்.

"அது பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். யோசிக்கிறதெல்லாம் அட்டை பார்த்துக்கும். கம்ப்யூட்டர் அதுக்குக் கரண்ட் கொடுக்கணும், கீபோர்டைக் கவனிக்கணும், டிஸ்க்கைக் கவனிக்கணும். ஒரு எடுபிடி மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

அந்த ஒரு வார்த்தை. நல்ல பையன்தான், வாயை அடக்கத் தெரியவில்லை.

"எடுபிடியா?" என்றார் கணக்குத் தலைவர். "என் கம்ப்யூட்டரா?"

"ஒரு உதாரணத்துக்கு..."

"என் பிரிவு வாங்கின மெஷின், திட்டப் பிரிவு வாங்கின அட்டைக்கு எடுபிடி வேலை பார்க்கணும். அதானே?"

அட்டை வாங்கப்பட்டது. திட்டப் பிரிவின் கணக்கில்தான். ஐந்து டெர்மினல்களும் வந்து கவுண்டர்களில் உட்கார்ந்தன. அவற்றை எதனோடும் இணைக்கவில்லை. கவுண்டர்காரர்கள் அந்த இருண்ட திரைகளைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். யூனிக்ஸ் கற்றுக்கொள்ள ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று கம்பெனி சொன்னது. போய்த் தொலைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத ஆள் டைப்பிஸ்ட்தான் என்று அவளை அனுப்பினார்கள்.

பயிற்சியிலிருந்து திரும்பிய அன்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வீட்டுக்காரர் கவனித்துவிட்டார்.

"என்ன, சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரே கம்ப்யூட்டர்ல ஆறு பேர் உக்காந்து ஆறு வேலை பார்த்தோம். ஒருத்தர் செய்யறது இன்னொருத்தரைத் தொந்தரவே பண்ணலை. யார் யார் உள்ள இருக்காங்கன்னு கேட்டா, பேர் பேரா சொல்லுது."

"ஒரே இடத்துல இருந்துகிட்டு ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் தலையிடாம இருக்கிறதா? அதை உங்க அண்ணன்தான் முதல்ல கத்துக்கணும்."

"கிண்டல் பண்ணாதீங்க. அது வந்தா, ஆஸ்பத்திரிக்காரங்க ஃபோன்ல சொல்லச் சொல்ல நான் ஒரு பக்கம் ஏத்துவேன், அதே நேரத்துல கவுண்டர்ல அவங்க பார்த்துச் சொல்லிடலாம். யாரும் கால் கடுக்க நிக்க வேண்டாம்."

"அப்படியா!" என்றார் வீட்டுக்காரர். மறுநாளே தெருவில் பாதிப் பேருக்கு, அவர் மனைவி யூனிக்ஸ் என்ற ஏதோ ஒரு பதவிக்குப் போய்விட்டது தெரிந்துவிட்டது.

நிலையத்தில் செருகல் குழு கூடியது.

குழுவுக்கு அதுதான் பெயர். ஒரு பிரிவின் சொத்தை மற்றொரு பிரிவின் சொத்துக்குள் செருகுவதற்கு விதி இடம் கொடுக்கிறதா என்று ஆராய அமைக்கப்பட்டது. அட்டையைச் செருகினால்தான் வேலை செய்யும் என்பதில் குழுவில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லோருக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. அது அங்கே பேச்சே இல்லை.

"மூடியைத் திறந்தா அது திறந்த கம்ப்யூட்டர்," என்றார் கணக்குத் தலைவர். "என் கையிருப்புல இருக்கிறது மூடின கம்ப்யூட்டர். நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து கேட்டா, என் மெஷின் எங்கேன்னு எதைக் காட்டுவேன்?"

"அப்ப கம்ப்யூட்டரை எங்க பிரிவுக்குக் கொடுத்துடுங்க," என்றார் திட்டத் தலைவர்.

"அட்டையை எங்களுக்குக் கொடுங்களேன்."

"மூளையைக் கொடுத்துட்டு நாங்க என்ன பண்றது?"

"இத்தனை நாள் என்ன பண்ணீங்களோ அதையே பண்ணுங்க."

இயக்குநர் கையை உயர்த்தினார். "சண்டை வேண்டாம். அறிவு ஒரு அறையில இருக்கு, மின்சாரம் இன்னொரு அறையில இருக்கு. இது நம்ம நிலையத்துக்குப் புதுசா? இத்தனை வருஷம் நாம நடத்தலையா?"

எல்லோருக்கும் நெகிழ்ச்சியாக இருந்தது. அட்டையைச் செருகப்பட்ட நிலையிலேயே வெளியே வைத்துப் பராமரிப்பது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அதற்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். கதவில் மூளை அறை என்று பலகை மாட்டினார்கள். தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே விட வேண்டும். ஏசி பொருத்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் அட்டையைப் படுக்க வைத்தார்கள். ஓடும்போது சூடாகும் என்று கம்பெனிக் கையேட்டில் இருந்ததால், பெட்டிக்குள் ஒரு குட்டி ஃபேனும் வைத்தார்கள். ஃபேனுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். அட்டைக்கு இல்லை.

யூனிக்ஸ் படித்தவள் என்பதால் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் வேலை டைப்பிஸ்டுக்கு வந்தது. வேறு அலுவலகங்களிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு பார்க்க வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப யோசிச்சிட்டு இருக்கா?" என்று கேட்பார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க," என்பாள். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு முகம் சுடும்.

"அட்டை எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

"ஏசியில இருக்கு."

"கொடுத்து வச்சது," என்பார் அவர், காற்று வராத ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு.

கம்ப்யூட்டர் சேவையை அமைச்சர் வந்து திறந்து வைப்பதாக ஒரு நாள் சேதி வந்தது. இயக்குநர் இன்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினார். டைப்பிஸ்டையும் நிற்க வைத்துக்கொண்டார்.

"அஞ்சு டெர்மினலும் இல்லேன்னாலும் பரவாயில்லை. ஒண்ணாவது கேட்டதுக்குப் பதில் சொல்லணும்."

"சொருகாம எப்படி சார் ஓடும்?"

"தம்பி, ஓடுறது உங்க பொறியியல் விஷயம். நான் பேசுறது திறப்பு விழா விஷயம். விழா நடந்தாத்தான் உங்க அட்டையை ஏத்துக்கிட்டதா நான் கையெழுத்துப் போட முடியும்."

இன்ஜினியர் பையிலிருந்து ஒரு வயரை எடுத்தார்.

"ரெண்டு டெர்மினலை நேருக்கு நேரா ஒரு வயர்ல சேர்த்துடலாம் சார். இதுல அடிக்கிறது அதுல தெரியும், அதுல அடிக்கிறது இதுல தெரியும். நடுவுல கம்ப்யூட்டரே வேண்டாம். ஆனா அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காரணும்."

இரண்டு பேரும் டைப்பிஸ்டைப் பார்த்தார்கள்.

"நீங்கதானேம்மா யூனிக்ஸ் படிச்சவங்க," என்றார் இயக்குநர்.

"படிச்சேன் சார். ஆனா நான் யூனிக்ஸ் இல்லையே."

"விழா முடியுற வரைக்கும்தான். கேள்வி கேக்கப் போறவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. மூணு கேள்வி, மூணு பதில். முன்னாடியே கொடுத்துடுறோம். உங்களை நிரந்தரமாக்குற ஃபைலு கூட என் மேஜையிலதான் இருக்கு. எடுத்துப் பார்க்க நேரமே வரலை." அன்பாகத்தான் சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. என்ன ஆனாலும் தெரியாதுன்னு மட்டும் அடிச்சிடாதீங்க. தெரியாதுன்னு சொல்லத்தான் நம்மகிட்ட இத்தனை பேர் இருக்காங்களே, அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?"

இன்ஜினியர் மூன்றாம் கவுண்டரிலிருந்து சுவரைத் துளைத்து, பக்கத்திலிருந்த சாமான் அறைக்குள் வயரை இழுத்துவிட்டார். துடைப்பங்களுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே இன்னொரு டெர்மினலை வைத்தார். முடித்துவிட்டுப் போகும்போது, "சாரிங்க," என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. துடைப்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

விழா நாளன்று நிலையத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. பொதுமக்களுக்கான விரைவுச் சேவை தொடங்கப்படுவதை முன்னிட்டு இன்று பொதுமக்களுக்குச் சேவை கிடையாது.

கணக்குத் தலைவர் விடியும் முன்பே வந்து, தன் பிரிவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூட்டத்தைப் பயன்படுத்தி யாராவது தன் கம்ப்யூட்டருக்குள் எதையாவது செருகிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். ஊழியர் குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. டைப்பிஸ்டின் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், அக்கம்பக்கத்துக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி யூனிக்ஸ் ஓட்டுவதைப் பார்க்க வந்திருந்தார்.

அவள் சாமான் அறையில் இருந்தாள். கதவை வெளியே தாழ் போட்டிருந்தார்கள். யாராவது தெரியாமல் துடைப்பம் எடுக்க வந்துவிட்டால் என்ன ஆவது?

நடையில் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரிகள் கூப்பிடும் நேரம். கொஞ்ச நேரம் அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. எடுப்பவள் அவள் ஒருத்திதான். மெல்லிய சுவர் வழியாக ஒவ்வொரு மணியும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இது லீவு கேட்காது, டீ குடிக்கப் போகாது, எதிர்த்துப் பேசாது," என்று அமைச்சரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மக்கள் கேட்டால் உடனே பதில் சொல்லும். சரியான பதிலா என்பதை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உடனே சொல்லட்டும்!"

கைதட்டல். அமைச்சர் மூளை அறைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டிக்கொண்டு பார்த்தாராம். பிறகு எல்லோரும் மூன்றாம் கவுண்டருக்கு வந்தார்கள். இயக்குநரே டெர்மினல் முன் உட்கார்ந்தார்.

முதல் கேள்வி, குடை தொலைத்த ஒருவர். இயக்குநர் அடித்த எழுத்துகள் டைப்பிஸ்டின் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. அவள் பதிலை அடித்தாள். கூடத்தில் ஆவென்று ஒரு சத்தம். இரண்டாவது, தண்ணீர்க் குழாய். அதற்கும் அடித்தாள். மூன்றாவதாகக் கேட்க வேண்டியவர் இயக்குநரின் மச்சினர். அவர் வரவில்லை. எந்த அலுவலகம் என்று மறந்துபோய் வேறெங்கோ போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

"நிஜமான பொதுமக்கள் யாராவது இருக்காங்களா?" என்றார் அமைச்சர்.

வாசலில் ஒருத்தி இருந்தாள். அறிவிப்பைப் படித்துவிட்டும் போகாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள்.

"என்னம்மா வேணும்? பயப்படாம கேளுங்க."

"எங்க வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுறவருங்க. நேத்து மேலேர்ந்து விழுந்துட்டார். கம்பெனிக்காரங்க முதல்ல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. காலைல போனா, ராத்திரியே வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டோம்னாங்க. எங்கேன்னு அந்த ஷிஃப்ட்காரருக்குத்தான் தெரியுமாம், அவர் வீட்டுக்குப் போயிட்டாராம். இங்க கேட்டா சொல்வாங்கன்னாங்க."

சாமான் அறையில் டைப்பிஸ்டின் கை கீபோர்டுக்கு மேல் நின்றது. திரையில் கேள்வி வந்து நின்றது. நடையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

"யோசிக்குது," என்று இயக்குநர் அமைச்சரிடம் சொல்வது கேட்டது. சிறிது நேரம் கழித்து, கொஞ்சம் சத்தமாக, சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, "இப்ப சொல்லிடும். சொல்லிடும்," என்றார்.

தெரியாது என்று அடிக்க அவள் விரல் போகத்தான் செய்தது. பாதி வழியில் ஃபைல் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரரின் இஸ்திரி போட்ட சட்டை நினைவுக்கு வந்தது. கட்டட வேலையில் அடிபடுகிறவர்களை வழக்கமாக எங்கே கொண்டுபோவார்கள்? வடக்கு ஆஸ்பத்திரிக்குத்தான். அடித்தாள்.

"வடக்கு ஆஸ்பத்திரி!" என்று இயக்குநர் கூவினார்.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண் அழுதேவிட்டாளாம். டெர்மினலைத் தொட்டு, "நல்லா இரு," என்றாளாம். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது.

எல்லாம் முடிந்து கதவுத் தாழை நீக்கியபோது கூடம் காலி. வீட்டுக்காரர் மட்டும் நின்றார்.

"உன்னை எங்கயும் காணோமே?"

"உள்ள வேலைங்க."

"அந்தப் பொம்பளைக்குச் சொல்லிச்சே, பார்த்தியா? பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே அசந்துட்டார். அதெல்லாம் நீதான் ஓட்டினியாமே!"

"நீங்க கிளம்புங்க, நான் வர்றேன்."

அவர் போனதும் ஃபோன் மறுபடியும் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"எத்தனை தடவைம்மா கூப்பிடுறது? ஆளே இல்லையா உங்க ஆபீஸ்ல?" எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். "எழுதிக்குங்க. நேத்து ராத்திரி மாத்தி அனுப்பினது. கிரேன் டிரைவர், ஆண், இடுப்பிலயும் கால்லயும் முறிவு. வீட்டு ஆளுங்க யாரும் இதுவரைக்கும் வரலை. விசாரிச்சு வந்தா உடனே அனுப்பி வைங்க."

அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். மிச்சமான பிஸ்கட்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. உங்க ஃபைல்ல கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே நீங்க நிரந்தரம்."

"சார், அந்தம்மா வீட்டுக்காரர் வடக்குல இல்லை. எலும்பு ஆஸ்பத்திரில இருக்கார். தப்பாச் சொல்லிட்டோம்."

"மெஷின் தப்பாச் சொல்லியிருக்காதே."

"மெஷின் சொல்லலை சார். நான்தான் சொன்னேன்."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன். மெஷின் இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்புகூடப் பண்ணலை. அந்த நல்ல பேரை நாமளே கெடுக்கலாமா?" ஒரு பிஸ்கட்டை நீட்டினார். "திருத்தம் சொல்லணும்னா குழுவுல வச்சுத்தான் சொல்லணும். சொன்ன பதிலை யார் திருத்துறது, திட்டப் பிரிவா, கணக்குப் பிரிவான்னு கேள்வி வரும். நீங்க இன்னிக்குத்தான் நிரந்தரமாகியிருக்கீங்க. கொஞ்சம் உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நடைக்கு வந்து வடக்கு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள்.

"ஆமா, இருக்காங்க அந்தம்மா," என்றது அந்தக் குரல். "இங்க அப்படி யாரும் இல்லைன்னு சொல்லியாச்சு. போகமாட்டேங்கிறாங்க. கம்ப்யூட்டர் சொல்லிச்சாம். எங்களைத்தான் ஒழுங்காத் தேடச் சொல்றாங்க."

"ஃபோனைக் கொஞ்சம் அவங்ககிட்ட கொடுங்களேன்."

"இது ஆஸ்பத்திரி ஃபோன்மா."

கைப்பையைக் கூட எடுக்க மறந்து, முந்தானையில் முடிந்திருந்த சில்லறையோடு, வாசலில் எதிர்ப்பட்ட கவுண்டர்காரர் ஒருவர் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். போய்ச் சேரும்போது சாயங்காலம். அந்தப் பெண் விசாரணை ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே பை. உள்ளே கணவரின் மாற்றுத் துணி தெரிந்தது.

"நீங்க காலைல விசாரணை நிலையத்துக்கு வந்தீங்கள்ல?"

"ஆமா! நீங்க அங்க வேலை பார்க்குறவங்களா?" அவள் எழுந்து டைப்பிஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்பப் புண்ணியம்மா. உங்க கம்ப்யூட்டர் இல்லேன்னா நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? இவங்கதான் சரியாத் தேட மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அவர் இங்க இல்லீங்க. எலும்பு ஆஸ்பத்திரில இருக்கார். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

கை விலகியது. "இல்லையே. வடக்குன்னுதானே சொல்லிச்சு. மந்திரிகூடப் பக்கத்துல இருந்தாரே."

"கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு ஆயிடுச்சு."

சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் இயக்குநரின் குரல் போலக் கேட்டது.

"அத்தனை பெரிய மெஷினுக்கே கோளாறு வரும்னா, நீங்க சொல்றதை மட்டும் நான் எப்படிங்க நம்புறது? நான் அந்தப் பக்கம் போய், அவர் இங்க என்னைத் தேடினா?" அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். "அது யோசிச்சுத்தாங்க சொல்லிச்சு. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். ரொம்ப நேரம் யோசிச்சுது."

டைப்பிஸ்ட் பெஞ்சின் முன்னால் நின்றாள். ஜன்னல்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் கம்ப்யூட்டர் நான்தாங்க," என்றாள்.

"நீங்கன்னா?"

"பக்கத்து ரூம்ல உக்காந்து நான்தான் அடிச்சேன். மெஷினே கிடையாது. வெறும் வயர்தான். உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதனால... தோணினதை அடிச்சேன்."

அந்தப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்தாள். திட்டுவாள் என்று டைப்பிஸ்ட் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா," என்றாள் அந்தப் பெண் மெதுவாக, "நானே ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கியிருப்பேனே. மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிருப்பேன்."

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று டைப்பிஸ்ட் கை நீட்டினாள். அந்தப் பெண் கொடுக்கவில்லை. முரட்டுத்தனமாக இல்லை, பையைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

எலும்பு ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் நர்ஸ் எரிந்து விழுந்தாள்.

"இப்பத்தான் வர்றீங்களா? காலைலேர்ந்து உங்களைத்தான் தேடுறோம். ஆபரேஷனுக்கு வீட்டு ஆள் கையெழுத்து வேணும். தியேட்டர் ரெடி பண்ணிட்டு டாக்டர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் தெரியுமா? கிளம்பிட்டார். இனி நாளைக்குத்தான். அவர் வலியில துடிச்சிட்டு இருக்கார், எங்களால ஊசிதான் போட முடியும். அந்த விசாரணை நிலையத்துக்கும் அடிச்சு அடிச்சுப் பார்த்தோம். எவளும் எடுக்கலை."

டைப்பிஸ்ட் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"கால் பிழைச்சுக்குமாம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இன்னிக்கே பண்ணியிருந்தா நல்லாச் சொல்லியிருப்பேன். நாளைக்கு டாக்டர் பார்த்துட்டுத்தான் சொல்லணும். ஒருத்தர்தான் உள்ள போகலாம்." நர்ஸ் டைப்பிஸ்டை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்க யாரு? சொந்தமா?"

"இல்லை," என்றாள் அந்தப் பெண். கோபமில்லாத குரல். "கம்ப்யூட்டர்."

நர்ஸுக்குப் புரியவில்லை. ஏதோ உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு, "யாரா இருந்தாலும் வெளியில உக்காருங்க," என்றாள்.

டைப்பிஸ்ட் உட்கார்ந்தாள். வார்டுக் கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிடும் சத்தமும், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் ஓர் ஆண் குரலும் கேட்டன.

"எங்கடி போனே? நாள் பூரா வாசலையே பார்த்துக்கிட்டு கிடந்தேன். யார்கிட்டயாவது கேட்டு வர வேண்டியதுதானே?"

உள்ளே பையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு விவரம் பத்தலைங்க," என்றாள் மனைவி. "நான்தான் தப்பா எங்கயோ போய் உக்காந்துட்டேன்."